ஹல்செம் முடிக்க விடாத வழக்கு

அந்த வருஷத்து மெஷ்ரெப் விருந்து ஹாஷிம்ஜான் வீட்டில் நடந்தது. முதல் பனி விழுந்த அன்று அவர் கையில் பனிச்சீட்டைத் திணித்துவிட்டு ஓடியவனை அவரால் பிடிக்க முடியவில்லை. பிடிக்கத் தவறியவர்தான் விருந்து வைக்க வேண்டும். அல்மாட்டியில் எங்கள் உய்குர் தெருக்காரர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அங்கே கூடிவிட்டோம். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் ஹல்செம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஹாஷிம்ஜான் வானொலி இசைக்குழுவின் தலைவர். அவருடைய இசைத்தட்டு அந்த மாதம் வெளிவர இருந்தது. அதில் ‘முசுக்கட்டை நிழல்’ என்று ஒரு பாட்டு. ‘நாட்டுப்பாடல், இசை ஒழுங்கு ஹாஷிம்ஜான்’ என்று உறையில் போடப்போகிறார்கள்.

அந்தப் பாட்டைக் கட்டியவள் ஹல்செம். எங்கள் வீட்டு அடுக்களையில், நான் லக்மன் நூடுல்ஸுக்கு மாவை இழுத்துக்கொண்டிருக்க, என் நாற்காலியில் உட்கார்ந்து துத்தாரை மீட்டி மீட்டிக் கட்டினாள். இந்த இடத்தில் இறங்கினால் அழுவது போல இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்படியானால் வேண்டாம், ஏறுகிறேன் என்றாள். நான் சாட்சி. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் அறுபத்திரண்டாம் வருஷம் சீன எல்லையைத் தாண்டிக் குல்ஜாவிலிருந்து வந்தவள். எங்கள் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இசைப்பள்ளியில் துத்தார் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். இருந்தாலும் தெருவில் அவளுக்குப் பெயர் ‘சீனாக்காரி’. நாங்களும் உய்குர், அவளும் உய்குர். எங்கள் பாட்டன்கள் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வானொலி நிலையத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். நாட்டுப்பாடல் என்றால் அது மக்களுடையது அம்மா என்றார்களாம்.

“எந்த மக்கள்? பேரைச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஹாஷிம்ஜானோ, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மூட்டையில் ஊர்ப் பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து தன்னுடையது என்கிறார்கள் என்று தேநீர்க்கடையில் சொல்லிச் சிரித்தார்.

சாப்பாடு முடிந்து விளையாட்டு நீதிமன்றம் தொடங்கியது. தெருத்தலைவர் ரோஸி அண்ணன்தான் நீதிபதி. யார் மேலும் புகார் சொல்லலாம். மாட்டியவர் சிரித்துக்கொண்டே தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவன் மாமியாரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காகக் கழுதை மாதிரி கத்தினான். இன்னொருத்தியைச் சேவல் போல நடக்கவைத்தார்கள்.

ஹல்செம் எழுந்தாள்.

“ஹாஷிம்ஜான் என் பாட்டைத் திருடிட்டார்.”

ரோஸி அண்ணன் தாடியைத் தடவினார். “என்னப்பா ஹாஷிம்ஜான், வீட்டுக்காரனே கள்ளனா?”

“கள்ளன்தான் அண்ணே” என்று ஹாஷிம்ஜான் சந்தோஷமாக முன்னால் வந்து மண்டியிட்டார். கோட்டைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். “எத்தனை கிண்ணம் வேணாலும் ஊத்துங்க. அக்கா மனசு குளிரட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸி அண்ணன் தலையில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னார். கிண்ணமும் வந்தது.

அந்த மனிதர் அவ்வளவு ஆசையாகத் தலையைக் குனிந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மெஷ்ரெப்பில் தண்டனை வாங்கிவிட்டால் விஷயம் தீர்ந்தது. அப்புறம் வெளியே யாரும் அதை எடுக்கக்கூடாது, எடுத்தால் எடுத்தவருக்குத்தான் அவமானம். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாட்டு அவருக்குச் சொந்தமாகிவிடும். இதற்காகத்தான் அவளைக் கட்டாயம் வரச்சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்பியிருக்கிறார்.

ஹல்செமுக்கும் புரிந்துவிட்டது. நேராக நடந்துபோய், ஊற்றப்போனவர் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். நின்றபடியே தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.

“தாகமா இருந்துச்சு” என்றாள். “வழக்கு முடியல.”

“அக்கா, இது விளையாட்டு. தண்டனையைத் தடுக்கற வழக்கம் நம்மகிட்ட இல்ல” என்றார் ரோஸி அண்ணன்.

“திருடறது இருக்கா அண்ணே? உறையில என் பேர் ஒரு வரி வரட்டும். அன்னிக்கு நானே அவர் தலையில ஊத்தறேன். குடம் குடமா ஊத்தறேன்.”

ஹாஷிம்ஜான் இன்னும் மண்டியிட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. “சீனாக்காரிக்கு நம்ம மரியாதை எங்க தெரியும்” என்றார்.

“மரியாதை தெரியாதவ பாட்டு மட்டும் வேணுமாக்கும்?” என்று நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

இசைத்தட்டு அவள் பெயர் இல்லாமலேதான் வந்தது. சில வீடுகளில் பிள்ளைகளை அவளிடமிருந்து நிறுத்திவிட்டார்கள். கல்யாணங்களுக்கு அவளைக் கூப்பிடுவதும் குறைந்தது. அவள் பள்ளிக்குப் போனாள், வந்தாள், புதிதாகப் பாட்டுகள் கட்டினாள். ஒவ்வொன்றின் தலையிலும் தன் பெயரை மசியால் பெரிதாக எழுதினாள், தாள் கிழிகிற அளவுக்கு.

ஆனால் ரோஸி அண்ணன் வழக்கத்தை மீறாதவர். தீராத வழக்கு இருந்தால் நீதிபதி அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு மெஷ்ரெப்பிலும் முதலில் கேட்பார்: “பழைய வழக்கு ஏதாவது பாக்கி இருக்கா?”

“இருக்கு” என்பாள் ஹல்செம். ஹாஷிம்ஜான் குனிந்து தேநீரைப் பார்ப்பார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

போன வசந்தத்தில் அவளை அடக்கம் செய்தோம். இந்தப் பனிக்கு ரோஸி அண்ணனின் மகன் நீதிபதி. அவனும் கேட்டான். யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ, அடுத்ததுக்குப் போகப் பார்த்தான்.

“இருக்குடா” என்றேன். “உட்காரு.”