நாலு மணிக்குள் ஒரு ஷவர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. போன வாரம் திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலைத் தெருவில் நாலு பேரை நிறுத்தி, எங்கள் குளியலறை ஷவரை நானே பத்து நிமிடத்தில் பழுது பார்த்துவிட்டதாகச் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது அது எட்டு நிமிடமாகியிருந்தது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சீதாலக்ஷ்மி, "இதை அப்படியே எழுதுங்கோ. நான் திருத்தித் தரேன்" என்றாள். முப்பத்திரண்டு வருடம் அலுவலகத்தில் என் குறிப்புகளை மேலதிகாரிகள் திருத்தினார்கள். ஓய்வு பெற்றும் விமோசனமில்லை. சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவளுடைய பென்சில்.

2

முதல் தொடக்கம்: "சுவரிலிருந்து வெள்ளம் பாய்ந்தது. கட்டில் மிதந்தது. நான் ஒரு கையில் ஸ்பேனரும் மறுகையில்—" [ஒரு சொட்டுகூட வரலை. கட்டில் அடுத்த ரூம்ல இருக்கு.]

இரண்டாம் தொடக்கம், அடக்கமாக: எங்கள் குளியலறைச் சுவரில் இரண்டு குழாய்த் திருகுகளுக்கு நடுவே ஒரு குமிழ் உண்டு. டைவர்ட்டர் என்று பெயர். அதைத் திருப்பினால் தண்ணீர் மேலே ஷவருக்கு ஏற வேண்டும். ஏறவில்லை. முக்கால்வாசி கீழே குழாய் வழியாகவே ஒழுகியது. ஷவரில் வந்தது கண்ணீர்.*

(* ஒரு ஆள் அழுதால் வருகிற அளவு. இதில் மிகை இல்லை. [இல்லைதான்.])

சீதாவுக்கு மூன்று மாதமாக வலது தோள் இறுகிப்போயிருக்கிறது. கை காதுக்கு மேலே எழும்பாது. மக்கில் மொண்டு தலையில் விட்டுக்கொள்ள முடியாது. நான் விட்டால் பாதி காதுக்குள் போகிறது என்பாள். ஆக, அவளுக்கு ஷவர் வேண்டும். என்னிடம் இருந்ததோ, நாலு வாரமாக போனில் "நாளெ வராம் சாரே" என்று மலையாளத்தில் நாளைக் கடத்திக்கொண்டிருந்த ஒரு பிளம்பர். (இவருக்குப் பெயர் வைக்கவில்லை. கதைக்குள்ளும் வரமாட்டார்.)

அன்று காலை, ஊரின் மறுகோடியில் கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் மகள் பத்மப்ரியா போனில் கூப்பிட்டாள். "அம்மா, நாலு மணிக்கு கார் கொண்டு வரேன். தோள் சரியாகற வரைக்கும் என் ஃப்ளாட்ல இரு. இங்க ஷவர் அடிபொளி, பிரமாதமா கொட்டும்."

சீதா பையை எடுத்தாள். ஆறு புடவை மடித்தாள். ஒரு குளியலுக்கு ஆறு புடவை!

"நாலு மணிக்குள்ள நான் ரிப்பேர் பண்ணிட்டா?"

"பண்ணிடுவேளாக்கும்!" என்றாள், ஏழாவது புடவையை எடுத்துக்கொண்டே.

3

மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வை மூடினேன். ஒரு தளபதி கோட்டைக் கதவை— வேண்டாம். மூடினேன். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. மாடியில் தொட்டிகளும் அப்படியே உரசிக்கொண்டு நிற்கும், எல்லாம் கறுப்பு. ஐந்து நிமிடத்தில் அடுத்த வீட்டு சாம்பசிவன் இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாக வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஓய்! எங்காத்து டேங்கை எதுக்கு அடைச்சீர்? கண்ணைத் தொறக்க முடியலை."

"கண்ணை மூடிண்டே எப்படி ஓய் நேரா இங்க வந்தீர்?"

"இந்தத் தெருவுல வேற யார் பண்ணுவா இதை?"

அவர் தொட்டியைத் திறந்துவிட்டு, எங்களுடையதை மூடினேன். இந்தப் பகுதியை எடுத்துவிடலாமென்றிருந்தேன். படித்துப் பார்த்த சாம்பசிவன், நுரையை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

4

டைவர்ட்டரின் உள்தண்டைக் கழற்றி (முக்கால் மணி நேரம்) [ஒண்ணரை], சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். [ஆட்டோ.]

முதல் இரண்டு கடைகளிலும் முழு செட்டையே மாற்றச் சொன்னார்கள். அதற்குச் சுவரை உடைக்க வேண்டும். நாலு மணி நாலு நாளாகிவிடும். மூன்றாவது கடைக்காரர் திரவியம், நாகர்கோவில் பக்கம். தண்டை வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தவர், அதன் இடுப்பிலிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். ஒரு பக்கம் தேய்ந்து நசுங்கியிருந்தது.

"செட்டை மாத்தாண்டாம் சார். இந்த ரிங்குதான் கெட்டுப்போச்சு, பாத்துக்கிடுங்க."

டப்பாவைத் துழாவி, பழையதன் மேல் வைத்து அளவு பார்த்து, புது வளையம் மாட்டி, கிரீஸ் தடவினார். நான் தொட்டியை மூடிய வீரத்தைச் சொன்னேன்.

"டேங்கை எதுக்கு சார் அடச்சிய? குழாய்த் திருகு ரெண்டையும் மூடினாலே போருமே. டைவர்ட்டருக்குத் தண்ணி அதைத் தாண்டித்தானே வரணும்?"

இந்த வசனம் சாம்பசிவன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5

மூன்று ஐம்பதுக்குத் தண்டு சுவருக்குள் போனது. இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் ஷவர் சீறுகிறது, திருவனந்தபுரமே கைதட்டுகிறது. மற்றதில் குழாய் மறுபடி ஒழுகுகிறது, நான் தத்துவம் பேசுகிறேன். தத்துவத்தை மற்றவர்கள் எழுதட்டும். நடந்தது முதலாவது! தொட்டியைத் திறந்துவிட்டு வந்து, குமிழைத் திருப்பினேன். மேலே கொட்டோ கொட்டென்று கொட்டியது. கீழே குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, விழவில்லை. [விழுந்தது. ஒண்ணே ஒண்ணு.]

நான் போட்ட கூச்சலுக்கு சாம்பசிவன் மறுபடி ஓடிவந்தார், இந்தத் தடவை வேட்டியோடு. சீதா பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய்த் தாழிட்டாள். இருபத்தைந்து நிமிடம். வெளியே நின்று நான் கேட்ட சத்தத்துக்கு மிகை தேவையில்லை. அது மழை. [மழை இருக்கட்டும்.]

நாலு மணிக்கு வாசலில் கார் ஹார்ன். நாலு பத்துக்கு இன்னொன்று. குளியலறைக் கதவு திறந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு தலை முழுக்க நனைந்து நின்ற சீதா, துண்டை என் பக்கம் நீட்டினாள்.

"கை எழும்பலை. துவட்டி விடுங்கோ."

"அப்பா! அம்மா வராளா, இல்லையா?" வாசலிலிருந்து பத்மப்ரியாவின் குரல்.

ஏழு புடவைப் பை கூடத்தில் இருக்கிறது. கார் வாசலில் நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், கொஞ்சம் வாசலுக்குப் போய் அவளுக்கு நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுங்கள். என் இரண்டு கையும் வேலையாக இருக்கிறது.