வலது பக்கச் சக்கரவர்த்தி

என் வீட்டுக்காரரின் வலது பாதி மாசி மாதத்திலிருந்து ரோமாபுரிக்குச் சக்கரவர்த்தியாக இருந்தது. இடது பாதி வழக்கம்போலப் புண்ணாக்குக் கடையைப் பார்த்துக்கொண்டது.

எங்கள் ஊர் கரட்டுத்துறை. அமராவதி ஆற்றங்கரையில், ரோமாபுரியின் மாகாணங்களிலேயே கடைக்கோடியில் இருக்கிறது. தங்கக் காசையும் வெள்ளிக் காசையும் ரோமாபுரியிலேயே அடித்து அனுப்பிவிடுவார்கள். செப்புக் காசை மட்டும் நாங்களே அடித்துக்கொள்ளலாம். சந்தையில் மிளகாய் வாங்க அதுதான் செல்லும். காசில் யார் முகம் இருக்கிறதோ அவரே சக்கரவர்த்தி என்பது சட்டம். முகத்தைப் பக்கவாட்டில்தான் வெட்டுவார்கள் என்பதால் தெரிகிற பாதிக்குத்தான் பதவி. தெரியாத பாதியைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

காசுக்கு அச்சு வெட்டுகிறவன் என் தம்பி குழந்தைவேல். கைவேலையில் கெட்டிக்காரன், மற்றபடி சோம்பேறி. முன்பெல்லாம் புதுச் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்தால் அவருடைய படம் ரோமாபுரி பஸ்ஸில் வரும். அதைப் பார்த்து வெட்டுவான். பட்டாளத்துக்காரர்கள் சக்கரவர்த்தியாக ஆரம்பித்த பிறகு, படம் வந்து சேர்வதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுகிறார். அதனால் பழைய அச்சிலேயே மூக்கைக் கொஞ்சம் நீட்டி, நெற்றியில் ஒரு சுருக்கம் போட்டு, தாடையைப் பெருக்கி ஒப்பேற்றி வந்தான். பல பேருக்கு அப்படியே ஓடியது. மாசியில் பார்த்தால் அந்த அச்சில் உளி வைக்க இடமில்லை.

அன்று புதுச் சக்கரவர்த்திக்குப் பஸ் கண்டக்டர் கொண்டுவந்த அடையாளம் இவ்வளவுதான்: "பட்டாளத்து ஆளுங்க. ஒட்ட வெட்டுன முடி, முள்ளுத் தாடி, தூணாட்டம் கழுத்து."

தம்பி நேராகக் கடைக்கு வந்தான். அங்கே என் வீட்டுக்காரர் பொங்கியண்ணன், சவரம் செய்யச் சோம்பல்பட்ட தாடியோடும் மூட்டை தூக்கித் தடித்த கழுத்தோடும் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், அப்படியே அசையாம இருங்க. முறுக்கை மட்டும் கீழ வெச்சிருங்க" என்றான்.

அடுத்த சந்தைக்குப் புதுக் காசு வந்தது. வலது பாதி பட்டத்துக்கு வந்தது.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பாதி ஊதாவும் பாதி வெள்ளையுமாக ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். மெய்க்காவலர் இரண்டு பேர் வந்து வலது பக்கம் நின்றுகொண்டார்கள். மனு கொடுக்கிறவர்கள் வலது பக்கம், புண்ணாக்கு வாங்குகிறவர்கள் இடது பக்கம் என்று வரிசை பிரிந்தது. திருச்செங்கோட்டுச் சாமி மாதிரி இருக்கிறார் என்று சிலர் ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுவிட்டும் போனார்கள். ஆறுச்சாமி அண்ணன் மட்டும் அவசரத்தில் வரிசை மாறி, வலது பக்கம் நின்று ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு கேட்டுவிட்டார். அவருக்குச் சிரியா மாகாணத்தைக் கொடுத்தார்கள். "எருமைக்கு என்ன பண்றது?" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எருமையையும் ஓட்டிக்கொண்டு ஆளப் போனார்.

எனக்கு இருந்த ஒரே குறை சாப்பாட்டில்தான். வலது கை ராஜாங்கக் கை ஆகிவிட்டதால் ரசஞ்சோற்றில் இறங்காது. விரலை நீட்டி எதையாவது கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். மனுஷன் இடது கையால் அள்ளிச் சாப்பிட்டார். பார்க்கச் சகிக்காமல் நானே ஊட்டிவிட ஆரம்பித்தேன். வாய் நடுவில் இருப்பதால் பாதிச் சோறு சக்கரவர்த்திக்குத்தான் போனது. அதற்கு அவர் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. "ஏனுங்க, உப்புப் போதுங்களா?" என்று கேட்டால் இடது பாதி "போதும் பாவாயி" என்னும். வலது பாதி பாரசீக எல்லையைப் பற்றி ஏதாவது சொல்லும்.

வைகாசியில் பட்டாளம் வந்து மஞ்சள் காட்டில் கூடாரம் அடித்தது. அவர்களுடைய நூற்றுவர் தலைவர் பிரிஸ்கஸ் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். மோர் கொடுத்தேன். குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. பட்டாளத்துச் சக்கரவர்த்தியை ரொம்ப நாளைக்கு வெச்சுக்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. வர்ற வெள்ளிக்கிழமை குத்திப்போடலாம்னு இருக்கறோம்."

"அவரு என்னங்க தப்புப் பண்ணுனாரு?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தங்கமானவரு. முந்துனவரும் தங்கமானவருதான். வலது பாதியை மட்டுந்தானுங்க குத்துவோம். இடது பாதியில ஒரு கீறல் விழாது, அதுக்கு நானாச்சு."

ரத்தம் இரண்டு பாதிக்கும் பொதுதானே. நான் கழுத்தை நீட்டியதும் முழு மனுஷனுக்குத்தான். வலது பாதி என்னை மதிக்கவில்லைதான். ஆனாலும் அது என்னுடைய வலது பாதி.

தம்பியிடம் ஓடினேன். "வேற யாரு மூஞ்சியையாச்சும் வெட்டித் தொலைடா" என்றேன்.

"சக்கரவர்த்தி உசுரோட இருக்கறப்ப புது அச்சு வெட்டக் கூடாதுக்கா. என்னைத் தூக்குல போட்டுருவாங்க." தலையைச் சொறிந்தான். "மூஞ்சி தேஞ்சு மழுங்கிப்போன காசுன்னா அது யாரு காசுமில்லை. அப்ப அவரு சக்கரவர்த்தியும் இல்லை. செம்புதானே, சந்தையில ஒரு தலைமுறை புழங்குனா தேஞ்சுரும்."

"எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள தேயோணும்" என்றேன்.

செம்பைத் தேய்ப்பதற்கு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வருகிறதென்றால் எல்லா வீட்டிலும் குடத்தையும் விளக்கையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவார்கள். அந்த வாரம் குடத்தோடு காசையும் எடுத்து வரச் சொன்னேன். தெருவே எங்கள் புழக்கடையில் வந்து உட்கார்ந்துவிட்டது. மெய்க்காவலர்களும் தங்கள் சம்பளக் காசைக் கொட்டிவிட்டு, ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டார்கள்.

"பாவாயி, உன்ற வூட்டுக்காரரு மூக்கு லேசுல போகமாட்டீங்குது" என்றாள் எதிர்வீட்டுச் சரசாத்தாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்பவும் அந்த மூக்குத்தான் முதல்ல உள்ள வந்துச்சு. அழுத்தித் தேயி" என்றேன்.

முதலில் கன்னம் தேய்ந்தது. வீட்டுக்குள் வலது பாதியின் அதட்டல் குறைந்தது. தாடி தேய்ந்தபோது அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டே கட்டிலில் புரண்டார். கழுத்துத் தேய்ந்த அன்று வலது கை சும்மா மடியில் கிடந்தது. தேய்த்த தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வழியாக ஓரத்து வாழைக்குப் போனது. வியாழக்கிழமை அது குலை தள்ளியது. யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

வெள்ளிக்கிழமை பட்டாளம் குளித்து, திருநீறு பூசி, வரிசையாக வந்தது. பிரிஸ்கஸ் கையில் குத்துவாள் வைத்திருந்தார். முறைப்படி முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மடியிலிருந்து ஒரு காசை எடுத்தார். அது அந்த வாரம் சந்தையில் அவருக்கு மீதிச் சில்லறையாகக் கிடைத்தது. பளபளவென்று, வழுக்கையாக இருந்தது. தெருவில் யார் யாரிடமோ காசு வாங்கிப் பார்த்தார். எல்லாம் வழுக்கை. ஒன்றின் பளபளப்பில் பிரிஸ்கஸின் முகமே தெரிந்தது. அதைச் சட்டென்று கவிழ்த்துப் பிடித்தார்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தட்டில் ரசஞ்சோறு இருந்தது. வலது கை இறங்கி, பிசைந்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டது.

"உப்புக் கம்மி" என்றது வலது பாதி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அழுதேன். அத்தனை சந்தோஷமாக நான் எப்போதும் அழுததில்லை.

"இப்ப நாங்க யாரைக் குத்தறதுங்க?" என்று பிரிஸ்கஸ் கேட்டார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. இத்தனை பேரைக் கூட்டிவந்துவிட்டு வெறும் கையோடு திரும்புவது பட்டாளத்துக்கு அழகில்லை.

அப்போது கால் கழுவப் புழக்கடைக்குப் போன ஒரு சிப்பாய் அங்கிருந்தே சத்தமாகச் சல்யூட் அடித்தான். போய்ப் பார்த்தோம். குலையில் ஒவ்வொரு காயும் ஒட்ட வெட்டிய முடியும் முள்ளுத் தாடியும் தடித்த கழுத்துமாக, வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மேல் சீப்பு பாரசீக எல்லையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிரிஸ்கஸ் மண்டியிட்டார். "மன்னிச்சுக்கோங்க மகராசா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குலையை ஒரே வெட்டில் சாய்த்தார். வழக்கப்படி எல்லாரும் ஆளுக்கொரு குத்துக் குத்தினார்கள். வீணாக்குவானேன் என்று நான் ஒரு பாதியை வறுவலும் ஒரு பாதியைப் பொரியலும் செய்தேன். பட்டாளம் தலையைக் குனிந்து, துக்கத்தோடு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

கை கழுவ வந்தபோதுதான் பிரிஸ்கஸ் வாழை அடியில் ஒரு கன்றைக் கண்டார். ஈரக் கையோடு அதன் பக்கத்தில் குந்தினார்.

"அம்மிணி, வாரிசு இருக்குதுங்க" என்றார். "நான் சேர்ந்த நாள்ல இருந்து எத்தனையோ பேரைக் குத்தியாச்சு. ஒருத்தருக்கும் வாரிசுன்னு ஒண்ணு நின்னதில்லீங்க."

சிப்பாய்கள் கேடயத்தைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். வாழையடி வாழையாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டு, மஞ்சள் காட்டுக்காரருக்கு வாடகையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மெய்க்காவலர் இருவரும் புழக்கடைக்கு மாறினார்கள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றும்போது கொஞ்சம் மரியாதையாக ஊற்றும்படி கேட்டுக்கொண்டார்கள். தம்பி வந்து கன்றைப் பார்த்துப் புது அச்சு வெட்டினான். காற்றில் ஆடாமல் இருக்கச் சொல்லி இரண்டு முறை அதட்டினான்.

ஆடி பிறந்ததும் ரோமாபுரி பஸ்ஸில் செனட் சபையிலிருந்து ஒரு பெரியவர் வந்து இறங்கினார். பாரசீகத்தோடு சண்டையா, சமாதானமா என்று கேட்டுப்போக வந்ததாகச் சொன்னார். புழக்கடையில் நாற்காலி போட்டேன். மதியம்வரை காத்திருந்தார். சக்கரவர்த்தி ஒரு குருத்தை மெல்ல விரித்தார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நுனி முதல் அடிவரை படித்தார்.

"சமாதானமுங்க" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். விருந்தாளிக்கு இலை அறுக்க முடியாத நிலைமை என்பதால் தட்டில்தான் போட்டேன். அவர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை.