காபி மிஷினில் புளித்தண்ணீர்

விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ கொதிக்கும் சத்தமும் கேட்டது. ஆனால் கண்ணாடி ஜாடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. திரௌபதி குனிந்து பார்த்தாள். சண்டித்தனம் செய்யும் மாட்டைத் தட்டுவதுபோல மிஷினின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அது ஒருமுறை இருமியது. மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. காபி மிஷினிலிருந்து வந்த ஆவிதான், ஆனால் அதில் காபி வாசனை இல்லை. புளியைக் கரைத்து அடுப்பில் ஏற்றியதும் வருமே ஒரு பச்சை வாசனை, அது வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவள் அவசரமாக சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மருமகள் துர்கா மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவாள்.

மிஷின் துர்காவுடையது. திரௌபதியின் ஒரே மகன் பிரவீன்குமார் மங்கலம்பேட்டை பாய் ஒருவர் மூலம் விசா வாங்கி ஷார்ஜாவுக்குப் போய் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான். போன லீவில் வந்தபோது பெண்டாட்டிக்கென்று இதைக் கொண்டுவந்தான். பின்பக்கம் தண்ணீர் ஊற்றி, நடுவில் தூளைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால் போதும், டிகாஷன் தானாக இறங்கும். முதலில் அது சமையலறை அலமாரியில்தான் இருந்தது. "பித்தள பில்டரு கல்லாட்டம் இருக்குது, இது எதுக்கு கரண்டுக்குக் கேடு?" என்று திரௌபதி சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மகன் விமானம் ஏறிய வாரமே மிஷின் துர்காவின் அறைக்குப் போய்விட்டது. பின்னாலேயே பால் காய்ச்ச ஒரு சின்ன கரண்ட் அடுப்பும் அந்த அறைக்குள் போனது. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும்.

திரௌபதிக்கு பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பியூஸ் கட்டைகளை ஈரப் பஞ்சால் துடைத்து, ஓரத்துப் பிசிறுகளை எடுத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்க வேண்டும். கணவர் போன பிறகு இந்த வேலைதான் மகனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தது. காலையில் ஐந்து மணிக்கே எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு, துர்காவின் பங்கை டம்ளரில் ஊற்றித் தட்டைப் போட்டு மூடிவிடுவாள். நர்சரி ஸ்கூல் டீச்சரான துர்கா ஏழு மணிக்குச் சுடவைத்துக் குடிப்பாள். ஆறிப்போய்ச் சுடவைத்த காபியை இரண்டு வருஷம் குடித்தவளுக்குச் சூடான காபி மீது ஆசை வந்ததில் தப்பொன்றும் இல்லை. திரௌபதிக்கும் அது தெரியும். ஆனாலும் ஒருநாள் கம்பெனியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியநாயகியிடம் சிரித்துக்கொண்டே, "எங்க வூட்ல இப்ப ரெண்டு அடுப்பு எரியுதுடி" என்று சொல்லிவிட்டாள். வாயை விட்டுப் போன சொல் ஊரைச் சுற்றிவிட்டுத்தானே வரும். பெரியநாயகியின் தங்கை பிள்ளை துர்காவின் வகுப்பில் படித்தது. சொல் துர்காவின் காதுக்கும் போனது. மறுநாளிலிருந்து தனக்கென்று தனியாக ஒரு பால் பாக்கெட் வாங்கத் தொடங்கினாள்.

தண்ணீரும் அப்படித்தான் பிரிந்தது. முனிசிபாலிட்டி குழாயில் வரும் நல்ல தண்ணீரைச் சமையலறைக் குடங்களில் பிடித்து வைப்பார்கள். அதில் கை விட வேண்டுமானால் திரௌபதியின் அடுப்படிக்குள் நுழைய வேண்டும். துர்கா நுழையவில்லை. கொல்லையில் இருந்த போர் குழாயைத் திறந்து அந்த உப்புத் தண்ணீரையே மிஷினில் ஊற்றினாள். குளித்தால் தலைமயிர் சிக்குப் பிடிக்கும் தண்ணீர் அது. வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஓடு கட்டும். மிஷினின் வயிற்றுக்குள்ளும் அதே ஓடு கட்டியது. ஐந்து நிமிஷத்தில் இறங்கிய காபி போகப்போக அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. காலையில் அந்த அறையிலிருந்து வரும் கர்கர் சத்தம் திரௌபதி தெருவில் இறங்கிய பிறகும் கேட்கும்.

போன வாரம் பெரியநாயகிதான் அந்தச் சேதியையும் சொன்னாள். "ஏன் அக்கா, ஒம் மருமவ இங்க பக்கத்துல பூதாமூர்ல வாடகைக்கு வூடு பாக்குறாளாமே?" திரௌபதி கையிலிருந்த பஞ்சைப் பிழிந்தபடி, "பாத்தா பாக்கட்டும்" என்றாள். அன்றைக்கு அவள் துடைத்த கட்டைகளில் பாதியை மேஸ்திரி திருப்பி அனுப்பினார். வெள்ளிக்கிழமை மகன் வழக்கம்போல போன் செய்தான். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து துர்காவின் குரல் கேட்டது. "அடுத்த வெள்ளிக்கெழம முடிவா சொல்லிடறேன். ஆனா அத்தகிட்ட நீங்கதான் சொல்லணும்." திரௌபதிக்குப் பயமாக இருந்தது. மகன் அங்கே, மருமகள் பூதாமூரில், தான் மட்டும் இந்த வீட்டில் ஓர் அடுப்போடு. பெரியநாயகியிடம் சொல்லிச் சிரித்த அந்த இரண்டாவது அடுப்பு அணைந்துவிட்டால் வீட்டில் ஆள் இருக்கும் சத்தமே இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் வா என்றே சொல்லாதவள் போகாதே என்று எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில்தான் துர்கா அண்ணன் குழந்தையின் காது குத்துக்காகக் கம்மாபுரத்துக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது மிஷினைப் பார்த்து, "உப்பு அடச்சிகிச்சு. சொட்டு சொட்டா வுடுது. வந்துதான் வெளக்கணும்" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த திரௌபதிக்கு அது தனக்குச் சொன்னதுபோல இருந்தது.

துர்கா தன் அறையைப் பூட்டாமல் போயிருந்தாள். பூட்டியிருந்தால் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். புதன்கிழமை காலை திரௌபதி உள்ளே போய் மிஷினின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளையாக, நெருநெருவென்று இருந்தது. கறை என்றால் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. குத்துவிளக்கு, பித்தளைக் குடம், பொங்கல் பானை எல்லாம் அவள் கையில் புளி பட்டுத்தான் பளபளக்கின்றன. போன வருஷத்துப் புளியில் ஒரு பெரிய உருண்டையை ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, மிஷினின் வாய்வரை ஊற்றினாள். நன்றாக ஊறட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கம்பெனியில் அன்று முழுக்க அவளுக்கு ஒரு தினுசான உற்சாகம். "இன்னா அக்கா, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று பெரியநாயகி கேட்கும் அளவுக்கு இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள், துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தண்ணீர் இறங்கும் துளையில் குத்திப் பார்த்தாள். ஈர்க்கின் நுனியில் கருப்பாகக் கொஞ்சம் புளிச்சக்கையும் ஒரு நாரும் வந்தன. அதற்கு மேல் உள்ளே போகவில்லை. மிஷினைக் கவிழ்த்தாள், குலுக்கினாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்ததே பொன்குடமாகிவிட்டது. வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் துர்கா நினைப்பாள். வெள்ளிக்கிழமை மகனிடம் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. திரௌபதி ஜாடியைக் கழுவினாள், மிஷினை ஈரத்துணியால் துடைத்தாள், இருந்த இடத்திலேயே இருந்ததுபோல வைத்தாள். எப்படியும் அடைத்துக்கொண்டிருந்த மிஷின்தானே, பழி உப்பின் மேலேயே இருக்கட்டும் என்று நினைத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் துர்கா வந்தாள். காது குத்துப் பலகாரப் பொட்டலத்தை அடுப்படி வாசலில் நீட்டினாள். "கொழந்த அழுதுதா?" என்று திரௌபதி கேட்டாள். "கொழந்த அழல அத்த. எங்கப்பாதான் அழுதாரு. நெலக்கரி சொரங்கத்துக்கு எங்க நெலத்த எடுக்கப் போறாங்களாம், அளவுக்கல்லு நட்டுட்டாங்க. காது குத்துக்கு வந்தவங்க எல்லாம் அதப்பத்தியே பேசிட்டுப் போனாங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். திரௌபதி கத்தரிக்காயை நறுக்க உட்கார்ந்தாள். சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. அரிவாள்மணையில் கை நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இருமல். பிறகு துர்கா கண்ணாடி ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜாடியின் அடியில் பழுப்பாக ஒரு கரண்டி அளவு தண்ணீர்.

"அத்த, இதுல யாரு ரசம் வெச்சது?"

திரௌபதி சொல்லத் தயாராக வைத்திருந்த பொய் எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. "ரசம் இல்ல. புளி" என்றாள். "உப்பு அடச்சிகிச்சுன்னு சொன்னியே. வெளக்கி வெக்கலாம்னு பாத்தேன். பித்தளைக்கு அதானே போடுவோம்."

துர்கா ஜாடியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. அடுப்படி வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். திரௌபதிக்குத் தானும் சிரிப்பதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "என்னாத்துக்கு இப்பிடி சிரிக்கிற? வேணும்னு செஞ்சன்னு நெனைக்கிறியா?"

"ஐயோ இல்ல அத்த. வேணும்னு கெடுக்கறவங்க இவ்ளோ மெனக்கெட்டு புளி கரைப்பாங்களா?"

மிஷினைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்கூலில் கூட வேலை செய்யும் ஒரு டீச்சர், இதற்கு எலுமிச்சம்பழம்தான் சரி என்று சொல்லியிருக்கிறாளாம். துர்கா குழாயடியில் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். திரௌபதி துளைகளில் வெந்நீரை ஊற்றி ஊற்றிச் சக்கையை வெளியே கொண்டுவந்தாள். பிறகு பழங்களைப் பிழிந்து, துர்கா சொன்னபடி வெள்ளைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து ஊற்றினார்கள். கொல்லையில் இருந்த மோட்டார் பிளக்கில் செருகிச் சுவிட்ச் போட்டதும் மிஷின் நெஞ்சுச்சளி கட்டிய கிழவன் மாதிரி முக்கி முனகியது. முதலில் புளி நார் வந்தது. அணைத்து, ஊறவிட்டு, மறுபடியும் போட்டார்கள். வெள்ளைச் செதில்கள் உதிர்ந்து ஜாடியில் மிதந்தன. அதற்கப்புறம் நூல் பிடித்ததுபோலத் தண்ணீர் இறங்கியது. "வருது அத்த, வருது!" என்று துர்கா கத்தினாள்.

அலசி ஊற்ற அவள் போர் குழாயைத் திறக்கப் போனபோது திரௌபதி தடுத்தாள். உள்ளே போய் நல்ல தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சமைக்க வேணுமே அத்த."

"ஊத்து. உப்புத் தண்ணிய வுட்டுத்தானே இதுக்கு இந்த கதி. ஒரு சொம்பு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

"கேட்டிருக்கலாம்" என்றாள் துர்கா. அதில் குத்தல் இல்லை.

முதல் தடவை அலசிய தண்ணீரைச் செம்பருத்திச் செடியில் கொட்டினார்கள். இருட்டும் நேரம் ஆகிவிட்டது. கத்தரிக்காய் பாதி நறுக்கியபடி உள்ளே கிடந்தது. திரௌபதிக்கு அதைப் பற்றிக் கவலை வரவில்லை. மனசு லேசாக இருந்தது. இவள் இனி எங்கே போகப்போகிறாள் என்று நினைத்தாள். நாளைக் காலையிலிருந்து மிஷினை அடுப்படி அலமாரியிலேயே வைத்துவிடலாம், தனக்கும் ஒரு டம்ளர் இதிலேயே போட்டுவிடச் சொல்லலாம் என்றுகூட யோசித்தாள்.

"அத்த" என்றாள் துர்கா. ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "பூதாமூர்ல ஒரு வூடு பாத்திருக்கேன்."

"தெரியும்."

"பேசி முடிச்சிட்டேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே. அவருகிட்ட நாளைக்குத்தான் சொல்லணும். அவரு மூலமா ஒங்களுக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்ப நானே சொல்லணும்னு தோணுது. வளர்பெறையில பால் காச்சணும். நீங்கதான் வந்து காச்சணும்."

மிஷின் இரண்டாம் தடவை ஓடிக்கொண்டிருந்தது. திரௌபதி அதையே பார்த்தாள். "பெரியநாயகிகிட்ட அடுப்பப்பத்தி சொன்னனே, அதுக்கா?"

"அதுக்கில்ல. அதெல்லாம் மறந்தாச்சு. எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும் அத்த. அவ்ளோதான். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்குது. வந்துட்டுப் போயிட்டு இருக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சொல்ல திரௌபதியிடம் நாலு வார்த்தை கைவசம் இருந்தது. இவ்வளவு நேரம் சிரித்துவிட்டு, கையோடு கை சேர்த்து வேலை செய்துவிட்டு, சாந்தமாகச் சொன்னாளே, அதுதான் தாங்கவில்லை. பால் காய்ச்சக் கூப்பிடுவது மரியாதைதான். மறுக்க முடியாது. போய்த்தான் ஆக வேண்டும். இன்னொருத்தியின் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு, பொங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அவள் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "காச்சறேன்" என்றாள்.

மிஷின் ஓய்ந்தது. துர்கா ஜாடியிலிருந்து டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஆற்றி, மாமியாரிடம் நீட்டினாள். "புளிப்பு போயிடுச்சான்னு பாருங்க."

திரௌபதி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளி இல்லை, எலுமிச்சை இல்லை, உப்பும் இல்லை. தண்ணீர் தண்ணீராக இருந்தது.

"இருக்குது" என்றாள். "இன்னும் ஒரு தரம் ஓட்டணும்."

துர்கா டம்ளரை வாங்கி மிச்சத்தைத் தன் வாயில் ஊற்றிப் பார்த்தாள். விழுங்கிவிட்டு மாமியாரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.  ஜாடியில் இருந்த தெளிந்த தண்ணீரைச் செடியில் கொட்டிவிட்டு வந்து, மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டாள். திரௌபதி குடத்தைச் சாய்த்தாள்.