‘ஏளா’ அல்ல, ஏலம்

1

இந்தக் கதை என் கையெழுத்தில் நேர்ந்த ஒரு தப்பிலிருந்து பிறந்தது. எழுபத்து நாலாம் வருஷம் தூத்துக்குடியில் ஓர் இறால் கம்பெனியில் நான் குமாஸ்தா. அங்கே நடந்த ஒரு விசாரணையில், சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. ஒரு வரியைத் தப்பென்று தெரிந்தே எழுதினேன். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. (முத்துக்குளிக்கிற ஊரில் இந்த உவமையா? அடித்துவிடலாம். வேண்டாம், குமாஸ்தாவுக்கென்று வேறு என்ன முத்து கிடைக்கப் போகிறது?)

முதல் வரிக்காக மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

‘கடல் அன்று அமைதியாக...’ பொய். கம்பெனிக்குள்ளிருந்து பார்த்தால் கடலே தெரியாது.

‘பிளாரன்ஸ் ஓர் அபலைப்...’ இது அவள் கண்ணில் பட்டால் நான் தொலைந்தேன்.

‘பிளாரன்ஸ் ஓர் இறாலைத் தூக்கிப் பார்த்தே, அந்த ரகம் கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்லிவிடுவாள்.’

இது நிற்கும்.

2

இறாலை ரகம் பிரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. அது ஒரு குறையாக அவளுக்குப் பட்டதில்லை. சூப்பர்வைசர் விக்டருக்குப் பட்டது. அதுவும், அவன் பெரிய ரகம் என்று தள்ளிவிட்ட ஒரு தட்டை, மானேஜர் முன்னால் அவள் “இது பொடிசு” என்று திருப்பி அனுப்பிய நாளிலிருந்து.

மறுநாள் காலை அவள் வாசலில் நுழையும்போது, கரையில் மீன் ஏலம் விடுகிறவர்களைப் போலக் கையைத் தட்டினான்.

“வாங்க, வாங்க! முப்பத்திரண்டு வருசத்துச் சரக்கு! ஒரு தரம்! ரெண்டு தரம்!” சுற்றிலும் பார்த்தான். “எடுக்க ஆளில்ல. உள்ள போ.”

தோலுரிக்கிற பெண்கள் நாற்பது பேரும் சிரித்தார்கள். (நானும் சிரித்தேன். பிறகு தலையைக் குனிந்து பேனாவுக்கு மை ஊற்றினேன். பேனாவில் மை நிறையவே இருந்தது.)

எட்டு மாதம் தினமும் இதே ஏலம். கடைசியில் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. எந்த இறாலைத் தூக்கினாலும் எந்த ரகமென்று தடுமாறினாள். தட்டுகள் திரும்பி வந்தன. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் வேலையும் போகும்.

3

விக்டரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் பிரதியில் அவனுக்கு முரட்டு மீசை வைத்தேன், அப்புறம் மழித்துவிட்டேன். அவன் வில்லன் இல்லை. ஆட்களைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவன். சங்கடம் அங்கேதான்: கதை எழுதுகிற எனக்கும் அதே தொழில்தான்.

பிளாரன்ஸ் ஒருநாள் வாசலில் தொங்கிய நிலையாணைப் பலகை முன் நின்றாள். வேலை விதிகளைத் தமிழில் எழுதி, ஆட்கள் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் தொங்கவிட்டிருந்தார்கள். படிக்க வேண்டும் என்று சட்டம் இல்லாததால் ஒருவரும் படித்ததில்லை.

அவளோடு வேலை பார்க்கும் மரியசெல்வி கேட்டாள்: “ஏளா பிளாரன்சு, அதப் போயி படிக்கே? அது சாமி படம் மாதிரி. கும்பிட்டுட்டுப் போவியா!”

“சாமி படத்துல எழுத்து இருக்காதுல்லா. இதுல இருக்கு.”

‘உடன் வேலை செய்வோரை இழிவுபடுத்துவது ஒழுங்கீனம். புகார் வந்தால் நிர்வாகம் விசாரித்தாக வேண்டும்.’ அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதி, கீழே தன் புகாரையும் எழுதி, மானேஜர் ஆறுமுகநயினாரிடம் கொடுத்தாள்.

“கேலிக்கெல்லாமா புகாரு? கை நடுங்குனா டாக்டர்ட்ட போம்மா.”

“போனேன் சார். கையில ஒண்ணுமில்லன்னுட்டாரு. வேல பாக்குற எடத்துல என்னன்னு கேட்டாரு. அதான் ஒங்கள்ட்ட வந்திருக்கேன்.”

4

விதியில் இருந்ததால் மானேஜரால் தட்ட முடியவில்லை. கம்பெனி சார்பில் விசாரிக்க மதராஸிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். ரயிலில் வரும்போதே எங்கள் ஊர்ப் பேச்சைப் படித்துவிட்டதாக நம்பினார். அறையில் அவர், மானேஜர், விக்டர், நான். தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி.

“சொல்லும்மா, என்ன பண்ணுவாரு?”

அந்தச் சத்தத்தில் பிளாரன்ஸ் சொன்னது பாதிதான் கேட்டது. “தெனமும் எல்லாரு முன்னாலயும்... ஏலம்...”

“ஏளாவா!” வக்கீல் முகம் மலர்ந்தது. “தெரியுமே. இந்த ஊர்ல பொம்பளைங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க.” என் பக்கம் திரும்பினார். “எழுதுங்க. ‘ஏளா என்று விளித்தார். இது வட்டார வழக்கு. கெட்ட எண்ணம் இல்லை.’”

எழுதினேன்.*

(* ஏன் எழுதினேன் என்று இங்கே அரைப்பக்கம் விளக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன். சம்பளத்துக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.)

“கையெழுத்துப் போடும்மா.”

அவள் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். திருப்பி வைத்தாள்.

“இது நான் சொன்னதில்ல சார்.”

“ஏளான்னா தப்பா?”

“மரியசெல்வியும் ஏளான்னுதான் கூப்பிடுதா. அது எனக்குப் பேரு மாதிரி. இவரு கூப்பிடல சார், விக்குதாரு. ஏலம் போடுதாரு.”

“ஏலமா? எப்படி?”

“அவரையே சொல்லச் சொல்லுங்க. நாப்பது பேரு முன்னால சொன்னவருக்கு நாலு பேரு முன்னால சொல்ல முடியாதா?”

விக்டர் எழுந்தான். “சும்மா... ஒரு கேலிக்கு சார்...”

“அந்தக் கேலியச் சொல்லுங்கண்ணே. சாரும் சிரிக்கட்டும்.”

வாயைத் திறந்தான். “ஒரு...” அதற்கு மேல் வரவில்லை.

திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, பேச்சு காதில் விழும் தூரத்தில், தோலுரிக்கிற கொட்டகை. அங்கிருந்து மரியசெல்வியின் குரல் வந்தது. “ஒரு தரம்!” அடுத்து நாற்பது குரல்கள்: “ரெண்டு தரம்!” ஒருத்தியும் சிரிக்கவில்லை. மானேஜர் ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

“தெறந்தே இருக்கட்டும்,” என்றார் வக்கீல். “எட்டு மாசமா இது உங்க காதுல விழலையா?”

“விழுந்துச்சு சார். ஆனா...”

“அப்ப உங்க பேரும் இதுல வரும். காதுல விழுந்த பிறகும் சும்மா இருந்தது நிர்வாகத்தோட குத்தம்.”

பிளாரன்ஸ் என் பக்கம் திரும்பினாள். “புதுத் தாளு எடுங்க அண்ணாச்சி. ஏளா இல்ல, ஏலம். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.”

என் ஆயுசில் அத்தனை பெருமையோடு நான் எதையும் எழுதியதில்லை. முடித்ததும் இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கியது. (நடுக்கம் நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே முழுப் பேரையும் போட்டாள்.)

5

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் விக்டருக்கு வேலை போகிறது. கொண்டாட நாற்பது பேருக்கும் அல்வா. இன்னொன்றில் அவன் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான், நான் அழுகிறேன். மூன்றாவதில் மானேஜர் கோப்பை மேஜைக்குள் வைத்துப் பூட்டுகிறார். அதைத்தான் ரொம்ப நன்றாக எழுதியிருந்தேன், அவ்வளவு பழக்கம்.

மூன்றையும் பிளாரன்ஸுக்குப் படித்துக் காட்டினேன்.

“முடிவ நீங்க எதுக்கு எழுதுதிய அண்ணாச்சி? அது கம்பெனி செய்ய வேண்டியதுல்லா?”

நியாயம். அதனால் கடைசித் தாளில் ‘நிர்வாகத்தின் முடிவு’ என்று தலைப்பு மட்டும் போட்டு, கீழே இடம் விட்டிருக்கிறேன். மானேஜர் நாற்காலியில் இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுதுங்கள்.

பார்த்து எழுதுங்கள். அவள் படித்துப் பார்ப்பாள்.