ஒன்பது நிமிடக் குழி

அலுவலகத்தில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். தெருவில் ஓடி வீணாகும் மழைநீரை நிலத்துக்குள் இறக்க, அரசு தன் செலவில் வாசலுக்கு வாசல் குழி வெட்டித் தந்தது. குழிக்குள் ஒரு லாரித் தண்ணீரை ஊற்றி, அது முழுவதும் வடிய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து கையெழுத்திடுவது அவர் பணி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் குழி தேறாது. விரைவில் வடிவதைப் பற்றிப் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

குழி வெட்டும் பட்டியலில் தன் அக்காவின் வீட்டை அவர்தான் முன்னால் நகர்த்தினார். ஐந்தாண்டுகளாக அவள் கிணறு வறண்டு கிடந்தது. குடிதண்ணீர் லாரி வரும் நாளில் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குடத்தோடு வரிசையில் நின்று, மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்த வருஷமும் ஊறலேன்னா வீட்டைப் பூட்டிட்டு, மக வீட்டுல ஒரு மூலையில ஒண்டிக்க வேண்டியதுதான்டா" என்றிருந்தாள்.

அக்கா வாசலில் குழி முடியும் தறுவாயில், வெட்டுகிறவர் மேலே ஏறி வந்தார். அக்காவும் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஐயா, பத்தடிக்குக் கீழ ஓட்டுத்துண்டும் சாம்பலுமா வருது. முன்னாடி ஏதோ பள்ளத்தைக் குப்பை கொட்டி மூடியிருக்காங்க. வீட்டுக்கு அடியிலயும் போகுது போல."

"பொலபொலன்னு இருந்தா நல்லா உறிஞ்சும்."

"உறிஞ்சும், சரி. தாங்குமான்னுதான்..."

லாரி வந்து நின்றது. அந்த வாக்கியம் அத்தோடு முடிந்தது.

மற்ற வாசல்களில் நாற்பது நிமிடம் நின்ற தண்ணீர் இங்கே ஒன்பதே நிமிடத்தில் காணாமல் போனது. தெருவே கூடிக் கைதட்டியது.

"சின்ன வயசுல நீ பால் குடிச்ச வேகம்டா இது" என்றாள் அக்கா.

"உன் பங்கையும் சேர்த்துக் குடிச்சேன்ல, அந்த வேகம்."

படிவத்தில் ஒன்பது என்று எழுதி, இருமுறை அடிக்கோடிட்டார். வெட்டுகிறவர் கயிற்றைச் சுருட்டினார்.

மழை மூன்று நாள் பெய்தது. தெருவில் ஒரு சொட்டும் தேங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அக்கா தொலைபேசியில் சிரித்தாள். "கிணத்துல என் மூஞ்சி தெரியுதுடா."

மறுநாள் காலை மீண்டும் அழைத்தாள். "வேலையா இருக்கியா? சமையல்கட்டுத் தரை ஒரு பக்கமா எறங்குற மாதிரி இருக்கு."

அவர் போய்ச் சேர்ந்தபோது சுவர் விரிசலில் கை நுழைந்தது. மேலதிகாரி வந்து பார்த்து, யாரும் குடியிருக்கக் கூடாது என்று தாள் ஒட்டினார். "நீங்க விதிப்படிதான் செஞ்சிருக்கீங்க. உங்க மேல தப்பில்ல" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலின் கனத்தை அவரால் சுமக்க முடியவில்லை.

தையல் இயந்திரத்தைத் தூக்க வெட்டுகிறவரும் வந்திருந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

சாமான்கள் வண்டியில் ஏறியபின் தம்பி அக்காவிடம் சொன்னார்: "குழி வெட்டுனவர் அன்னிக்கே எச்சரிச்சார்க்கா. நான் காதுல வாங்கல."

அக்கா சேலைத் தலைப்பால் தையல் இயந்திரத்தின் கைப்பிடிச் சக்கரத்துத் தூசியைத் துடைத்தாள்.

"நானும் பக்கத்துலதானே நின்னேன். எனக்கும் கேட்டுச்சு. தண்ணி வந்தா போதும்னு இருந்துட்டேன்."

பிறகு ஒரு குடத்தோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போனாள். இறக்கிய வாளிக் கயிறு பாதியிலேயே நின்றுவிட்டது; அவ்வளவு அருகில் வந்திருந்தது தண்ணீர். குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றி, ஐந்தாண்டுக்கு முந்தைய பழக்கத்தில் சமையலறைக் கதவு வரை நடந்தாள். கதவின் குறுக்கே அதிகாரிகள் கட்டிய நாடா இருந்தது.

"இதை எங்கடா வைக்கிறது?"

அவர் குடத்தை வாங்கிக்கொண்டார்.