எட்மண்ட் தலையில் தேய்த்த பெப்டைடு

எட்மண்டுக்கு முடி கொட்டி வெகுகாலமாகிவிட்டது. அதைப் பற்றி அவர் கவலைப்பட ஆரம்பித்தது மட்டும் வானகரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான். குடும்பத்தோடு மேடையேறி நின்றபோது போட்டோ எடுத்தவர், "அங்கிள், கொஞ்சம் பின்னாடி போங்க, கிளேர் அடிக்குது" என்றார். எட்மண்ட் பின்னால் போனார். "இன்னும் கொஞ்சம்" என்றார் அவர். கடைசியில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் எட்மண்டின் ஒரு காது மட்டும் படத்தில் விழுந்தது.

அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். மற்றவர்களை நகரச் சொல்லித்தான் பழக்கம். சென்னீர்குப்பத்து ஃபிளாட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வண்டிக் கண்ணாடியில் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டியதுகூட உறைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மகள் ரெனிதாவுக்கு ஐஸ் பெட்டியில் ஒரு கூரியர் வந்தது. ரெனிதா வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் செடிகளின் வேரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அன்று சனிக்கிழமை, லேப் பூட்டியிருக்கும் என்பதால் பெட்டியை வீட்டுக்கே வரவழைத்திருந்தாள். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு இரண்டு குப்பிகள். இரண்டின் அடியிலும் சிட்டிகை கோலமாவு போல வெள்ளைப் பொடி. மூடிகளின் மேல் பேனாவால் அடையாளம் எழுதி, பிரீசரில் வஞ்சிர மீனுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் நடுவில் வைத்துவிட்டு, தன் பேராசிரியை அகல்யாவுக்குப் போன் போட்டாள்.

"பெப்டைடு வந்துடுச்சு மேடம். நேரா வேர் நுனிக்குப் போயி வளர்ச்சிய அப்படியே..."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. ஹாலில் இருந்த எட்மண்டுக்கு மீதி கேட்கவில்லை. கேட்டதே போதும் என்று தோன்றியது. டிவி விளம்பரத்தில் எந்தப் பெண் கூந்தலை உதறினாலும் பெப்டைடு, பெப்டைடு என்றுதானே சொல்கிறார்கள்.

மனைவி ஞானகுமாரியும் ரெனிதாவும் பூந்தமல்லிக்குத் துணி எடுக்கக் கிளம்பியதும் எட்மண்ட் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு பிரீசரைத் திறந்தார். இரண்டு குப்பிகளையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றைத் திறந்து பாதியை எண்ணெயில் தட்டி, நடு மண்டையில் சூடு பறக்கத் தேய்த்தார். குப்பிகளை இருந்த இடத்திலேயே வைத்தார். வேர் சமாச்சாரம் என்றால் வெயில் வேண்டாமா என்று யோசித்து, பால்கனியில் நாற்காலி போட்டுத் தலையை வெளியே நீட்டி உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தெளித்துக்கொள்ளலாமா என்று நினைத்து, அது அதிகம் என்று விட்டுவிட்டார்.

ரெனிதா வந்ததும் நேராகப் பிரீசரைத்தான் திறந்தாள்.

"டாடி, இதுல யாரு கைய வச்சது?"

"யாரு வைப்பா? மீனு இன்னா ஆச்சுன்னு பாத்திருப்பேன்."

"மீனுல தேங்கா எண்ண வாசன வருதா? உன் தலைல இன்னாமோ வெள்ளையா ஒட்டிக்கினு கீதே."

எட்மண்ட் துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். "வேருக்கு மருந்துன்னு நீதான சொன்ன" என்றார்.

"மருந்தில்ல டாடி. வேர் வளர்றத நிறுத்துற சிக்னல்."

எட்மண்டின் கை மெதுவாகக் காதோரத்துக்குப் போனது. அங்கே ஒரு வரிசை முடி இன்னும் இருந்தது. அதையும் நிறுத்திவிட்டால் மிச்சம் என்ன என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

ரெனிதாவின் கவலை வேறு. "பெப்டைடுன்றது பாசிமணி கோத்தா மாதிரி. மணி எந்த வரிசைல கீதோ அதுதான் சேதி. வேர் நுனில கீற செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு இத அனுப்பி, போதும், இத்தோட இருன்னு சொல்லிக்கும். அளவா போனா வேர் ஒழுங்கா வளரும். நாம நெறைய குடுத்தா நின்னுடும். ஒரு குப்பில அது கீது. இன்னொண்ணுல அதே மணிங்கள வரிச மாத்திக் கோத்தது, சும்மா ஒப்பிட்டுப் பாக்க. இப்ப மூடில எழுதுனது எல்லாம் எண்ணெல அழிஞ்சிடுச்சு. எது எதுன்னு நான் எங்க போயி கேக்கறது?"

"நான் எடுத்தது லெப்ட்ல இருந்துது."

"எந்தப் பக்கம் நின்னு லெப்ட்டு?"

எட்மண்டுக்குத் தெரியவில்லை. திறந்த குப்பியின் விளிம்பில் எண்ணெய் இருந்ததால், அவர் எடுத்தது எது என்று மட்டும் தெரிந்தது. அதில் இருந்தது உண்மைச் சரக்கா, வரிசை மாறியதா என்பதைச் செடிகள்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் முழுக்க எட்மண்ட் கம்பெனிக்குத் தொப்பியோடு போனார். தினமும் காதோர முடியை அடிஸ்கேலால் அளந்தார். ஒரு நாள் வளர்ந்திருந்தது, மறுநாள் குறைந்திருந்தது. ஸ்கேலைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள் என்று ஞானகுமாரி சொன்னதை அவர் ஏற்கவில்லை.

முடிவு தெரியும் நாளில் லீவு போட்டுவிட்டு ரெனிதாவோடு லேபுக்கே போனார். கண்ணாடி போன்ற தட்டுகள் செங்குத்தாக நின்றன. உள்ளே கடுகு வகையைச் சேர்ந்த குட்டிச் செடிகள். எட்மண்ட் திறக்காத குப்பி போன தட்டில் வேர்கள் நூல் நூலாகக் கீழே இறங்கியிருந்தன. அவர் திறந்த குப்பி போன தட்டில் வேர்கள் எல்லாம் குட்டையாக, யாரோ கத்தரித்துவிட்டது போல நின்றுவிட்டன.

"போச்சு" என்று எட்மண்ட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இரு டாடி. இந்தத் தட்டப் பாரு. இதுவும் உன் குப்பிதான்."

மூன்றாவது தட்டில் வேர்கள் கண்டபடி நீண்டிருந்தன.

"இதுங்களுக்கு மட்டும் இன்னாவாம்?"

"இது ரிசெப்டர் கெட்டுப்போன செடிங்க. வர்ற சிக்னலப் புடிச்சு உள்ள சொல்றது ரிசெப்டர் வேல. அது சரியில்லன்னா நிறுத்துன்னு நாம கத்தறது வேருக்குக் கேக்காது. உன் மண்டைல இதுக்கான ரிசெப்டரே கிடையாது, அது செடிங்களுக்குத்தான் கீது. நீ குடம் குடமா ஊத்திக்கினாலும் ஒரு முடி வளராது, ஒரு முடி நிக்காது."

எட்மண்ட் தொப்பியைக் கழற்றினார். மூன்றாவது தட்டின் முன்னால் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். "யாரு இன்னா சொன்னாலும் கண்டுக்காம போயிகினு கீதுங்க. நல்ல புள்ளைங்க" என்றார்.

அப்போது அகல்யா உள்ளே வந்தார். எட்மண்ட் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே பேசினார். "சார், எது எந்தக் குப்பின்னு தெரியாமயே ரெனிதா எல்லா வேரையும் அளந்திருக்கா. அப்பதான் நம்ம ஆசை அளவுல கலக்காது. அப்படித்தான் அளக்கணும்னு நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கேட்டதே இல்ல."

எட்மண்ட் நிமிர்ந்து நின்றார். "அதுக்குத்தான் மேடம் நானே பேர அழிச்சு வுட்டேன்" என்றார்.

ரெனிதா தொப்பியை வாங்கி அவர் தலையிலேயே கவிழ்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானகுமாரி, "மேடம் திட்டுனாங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்குத் திட்டறாங்க? ஆராய்ச்சில என் பங்கு பெருசுன்னுட்டாங்க" என்றார் எட்மண்ட். "அடுத்த தபாவும் தேச்சுக்க ரெடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."