வீங்காத கை

சத்யப்ரியாவின் இடது முன்கையில் பேனாவால் ஆறு எண்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சொட்டு மருந்து, ஊசிமுனையால் ஒரு குத்து. நான்காம் எண் பட்டு. அது வீங்கினால் அவள் தறியை விட வேண்டும்.

ஆறு மாதமாகத் தறியில் உட்கார்ந்தால் கை, கழுத்தெல்லாம் தடிப்பு. பட்டா, தூசியா, வேறெதாவதா, தெரியவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வந்தது அதற்காகத்தான். துணைக்கு நாத்தனார் ரேணுகாம்பாள்.

பதினைந்து நிமிடம் ஆனது. கை வழவழவென்றே இருந்தது.

"நாலு சும்மாத்தான் கிடக்குது," என்றாள் ரேணுகாம்பாள். "உனக்கு உடம்பு வணங்கலை. பட்டு மேல பழி."

"இருக்கட்டும் அண்ணி." அந்தக் குத்தல்கூட சத்யப்ரியாவுக்கு இனித்தது.

டாக்டர் சாமுவேல் குனிந்து பார்த்தார். ஆறாம் எண்ணைத் தொட்டார்.

"இது யாருக்குப் போட்டாலும் வீங்கணும்மா. எனக்குப் போட்டாலும். அரிப்பைக் கொடுக்குற ஹிஸ்டமினே இதுதான். அலர்ஜி மாத்திரையை நிறுத்தினீங்களா?"

"பத்து நாளாச்சு சார். சொறிஞ்சிக்கினே கிடந்தேன்."

"வேற மாத்திரை?"

"இல்ல சார்."

"பஸ்ல ஒண்ணு குடுத்தேனே," என்றாள் ரேணுகாம்பாள். "வாந்திக்கு. வாலாஜாபாத் தாண்டினா இவளுக்குக் குமட்டும்."

டாக்டர் அந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதுவும் அலர்ஜி மாத்திரை வகைதான்."

"வாந்தி மாத்திரை வயித்துக்குத்தானே சார்?"

"உடம்பு பூரா போகும். பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கிறாங்கல்ல? ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்துல இந்த மாத்திரை முன்னாடியே உட்கார்ந்துக்கும். ஹிஸ்டமினுக்கு இடம் கிடைக்காது. தோல் வீங்காது."

"அப்போ எனக்குப் பட்டு ஆகுமா, ஆகாதா?"

"தெரியாது. இந்த டெஸ்ட் செல்லாது. பத்து நாள் கழிச்சு மாத்திரை போடாம வாங்க."

வெளியே வந்ததும் ரேணுகாம்பாள் முணுமுணுத்தாள். "வீங்கலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? இவர் என்ன, வீங்கலையேன்னு வருத்தப்படுறாரு."

சத்யப்ரியாவுக்கும் அப்படித்தான் பட்டது. அப்படியில்லை என்றும் பட்டது.

கணவன் ராமராஜன் போனில் கேட்டான். "என்ன சொன்னாங்க?"

"எதுவும் வீங்கலை."

"அப்போ நாளைக்குத் தறியில உக்காரலாம்."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியலைங்க," என்றாள். "வீங்காதது என் கையாலயா, மாத்திரையாலயான்னு தெரியலையாம்."

"என்னமா சொல்ற? புரியலை."

"எனக்கும்தான்."